இல்லாத விரலுக்கு வைத்தியம்

ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14 சதவீதம். இரண்டு கணு போனால் 11. ஒரு கணு என்றால் 9. எலும்பு தப்பி நுனி மட்டும் போனால் 5. நடுவிரலுக்கு 12, மோதிர விரலோ சுண்டு விரலோ வெறும் 7. கட்டைவிரலுக்குத்தான் மரியாதை அதிகம், 30. எல்லாம் 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வந்த கணக்கு. சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போச்சு என்று விரல் விரலாக, கணுக் கணுவாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஓசூர் சிப்காட்டில் பிரஸ் ஷாப் பக்கம் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதியை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

போன விரல் வலித்தால் எத்தனை சதவீதம் என்று மட்டும் அதில் இல்லை.

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர். சூளகிரி பக்கத்துக் கிராமம். வீட்டில் தெலுங்கு, கூட வேலை செய்கிறவர்களிடம் தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம் என்று மூன்றையும் கலந்தடிக்கிற நம்ம பார்டர் ஆள். ஒரு சின்ன யூனிட்டில் பவர் பிரஸ் ஓட்டினார். தகட்டை வை, பெடலை மிதி, பீஸை எடு, மறுபடி தகடு. ஷிப்ட் முடிகிற நேரம், டார்கெட் பாக்கி, சென்சார் ரிப்பேர். ஆள்காட்டி விரலில் இரண்டு கணு டைக்குள் போய்விட்டது. புண் ஆறியது, தையல் பிரித்தார்கள், பேப்பர் வேலையும் ஒருவழியாக முடிந்தது. வலி அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

"நகக்கண்ணுல ஊசி ஏத்துற மாதிரி இருக்குது தம்பி. நகமே இல்ல, ஊசி எங்க ஏறுது?"

டாக்டரிடம் இதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். மனசு சரியில்லை என்று எழுதிவிட்டால் வேலைக்கு உலை என்று பயம் வேறு. வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டிப் பார்த்தார்கள். கடைசியில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸை போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து காட்டினார். ஹிப்னாடிஸம், ஆழ்மனப் பயிற்சி, கற்பனையால் உடலை மாற்றலாம். எடை குறையும், உயரம் கூடும், முடி வளரும், சர்க்கரை போகும், தீராத வலி தீரும். "இதுல சேர்ந்தா சரியாவுமா?" என்றார்.

அதற்காகத் தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதல் விஷயம், அண்ணனுக்குப் பைத்தியம் இல்லை. வெட்டிய உறுப்பு வலிப்பதை 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு ராணுவ வைத்தியர் ஆம்ப்ருவாஸ் பாரே எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களைப் பார்த்த வியர் மிட்செல் என்ற நரம்பியல் மருத்துவர்தான் 1870களில் இதற்கு 'ஆவி உறுப்பு' என்ற மாதிரி ஒரு பெயரை வைத்தார். ஆனால் இந்த வலிக்கு ஒரு சுலபமான வழியைக் காட்டியவர் நம்ம தமிழ்நாட்டு ஆள். 1951ல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி முடித்து, கலிபோர்னியாவின் சான் டியாகோவில் பேராசிரியரான விளையனூர் ராமச்சந்திரன். அரசியல் சட்டத்தை எழுதியவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன்.

இவர் கையில் எடுத்த கருவி காது குடையும் பஞ்சுக் குச்சி. விபத்தில் கை போன ஒரு இளைஞனின் கண்ணைக் கட்டி, பஞ்சுக் குச்சியால் கன்னத்தைத் தொட்டார். எங்கே படுகிறது என்று கேட்டால், கன்னத்திலும் படுகிறது, இல்லாத கையின் கட்டைவிரலிலும் படுகிறது என்றான். இடத்தை நகர்த்த நகர்த்த ஒவ்வொரு விரலும் முகத்தில் அகப்பட்டது. மூளையின் மேற்பரப்பில் உடம்பின் வரைபடம் ஒன்று உண்டு. அதில் கைக்குப் பக்கத்து வீடு முகம். கையிலிருந்து தகவல் வருவது நின்றதும் முகம் அந்தக் காலி இடத்தில் குடியேறிவிட்டது என்பது அவர் விளக்கம். இந்த விளக்கத்தை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. பிரிட்டனில் டமர் மேக்கினின் குழு 2013ல் ஸ்கேன் செய்து பார்த்தபோது, வலி அதிகம் இருப்பவர்களின் மூளையில் பழைய கைக்கான இடம் அப்படியே கலையாமல் இருந்தது. சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வலி மூளையில் நிஜமாக நடக்கிறது என்பதில் மட்டும் இரண்டு பக்கமும் ஒற்றுமை.

அடுத்து வந்ததுதான் கண்ணாடி. கை இல்லாதவர்கள் பலர் சொல்லும் குறை ஒன்று: இல்லாத கை இறுக்கி மூடியபடி உறைந்து கிடக்கிறது, நகம் உள்ளங்கையைக் கிழிக்கிறது, திறக்க முடியவில்லை. ராமச்சந்திரன் ஒரு பெட்டியின் நடுவில் நெட்டுக்குத்தாகக் கண்ணாடியை நிறுத்தினார். இருக்கிற கையை ஒரு பக்கம் விட்டால், கண்ணாடியில் அதன் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும். இருக்கிற கையைத் திறந்து மூடினால், கண்ணுக்கு இரண்டு கையும் திறந்து மூடும். மோட்டார் சைக்கிள் விபத்தில் கை செயலிழந்து, பிறகு அதை எடுத்துவிட்ட ஒருவர் அதைப் பார்த்ததும், பல வருஷமாக அசையாத கை அசைகிறது என்று கத்திவிட்டார். பெட்டியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். சில வாரம் கழித்து அவர் போன் செய்து, கை காணாமல் போய்விட்டது, முழங்கை வலியும் கூடவே போய்விட்டது, விரல்கள் மட்டும் தோளில் தொங்குகின்றன என்றாராம். இல்லாத கையை வெட்டிய முதல் ஆபரேஷன் இதுதான் என்று ராமச்சந்திரன் வேடிக்கையாகச் சொல்வது உண்டு. செலவு ஒரு கண்ணாடி.

ஒரு ஆள் கதையை வைத்து எதையும் நம்பக்கூடாது என்கிறவர்களுக்காக அடுத்தது. அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்த சிப்பாய்களை மூன்று குழுவாகப் பிரித்து ஒரு சோதனை நடத்தி, 2007ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டார்கள். 22 பேரில் 18 பேர் கடைசி வரை இருந்தார்கள். ஒரு குழு கண்ணாடியைப் பார்த்துக் காலை அசைக்க வேண்டும். இன்னொரு குழு துணி போட்டு மூடிய கண்ணாடி முன்னால் அதையே செய்ய வேண்டும். மூன்றாவது குழு கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத காலை அசைப்பதாக மனசுக்குள் கற்பனை செய்ய வேண்டும். தினம் 15 நிமிஷம், நாலு வாரம். கண்ணாடிக் குழுவின் ஆறு பேருக்கும் வலி குறைந்தது. துணி போட்ட குழுவில் ஒருத்தருக்குக் குறைந்தது. கற்பனைக் குழுவில் இரண்டு பேருக்குக் குறைந்தது, மீதி நாலு பேருக்குக் கூடியது.

இதைப் படித்துவிட்டுத்தான் அந்த நோட்டீஸைக் கிழித்துப் போடச் சொன்னேன். வெறும் கற்பனை இந்த இடத்தில் நாலு பேருக்கு வலியை ஏற்றியிருக்கிறது. மூளை சாட்சி கேட்கிறது. கண் பார்த்தால்தான் அந்தக் கை அசைகிறது என்று ஒப்புக்கொள்கிறது. ஆறு ஆறு பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், பிறகு வந்தவற்றில் முடிவுகள் முன்னே பின்னே இருக்கின்றன. விரல் மட்டும் போனவர்களிடம் செய்தவை குறைவு. இருந்தாலும் காசில்லாத, பக்கவிளைவு அதிகமில்லாத வைத்தியத்தை முயன்று பார்ப்பதில் என்ன குடி முழுகிவிடும்?

அண்ணன் பயந்த மாதிரி இல்லாமல், பிசியோதெரபிஸ்ட் ஒருவர் இதைக் கேட்டதுமே புரிந்துகொண்டார். சவரக் கண்ணாடி சின்னது என்று பீரோக் கடையில் ஒரு துண்டு வாங்கி, ஓரத்தை அரம் போட்டு, அட்டைப்பெட்டியில் செருகிக்கொண்டார் அண்ணன். வெட்டுப்பட்ட கை பெட்டிக்குள்ளே, நல்ல கை வெளியே. பிம்பத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு விரலாக மடக்கி நிமிர்த்துவது, பெருவிரலோடு ஒட்டுவது. முதல் தடவை பார்த்தபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மனைவியைக் கூப்பிட்டு, "இங்க பாருமே, முழுசா இருக்குது" என்றார். வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. ராத்திரி தூக்கம் வருகிறது என்கிறார். கண்ணாடியாலா, நாள் ஆனதாலா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அப்படியானால் கற்பனைக்கு உடம்பை மாற்றும் வலுவே இல்லையா? இருக்கிறது. அதற்கும் ஒரு விரல் ஆராய்ச்சி உண்டு, சுண்டு விரல். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் வினோத் ரங்கநாதனும் குவாங் யூவும் மற்றவர்களும் சேர்ந்து செய்து 2004ல் வெளியிட்டது. இளைஞர்களைக் கூப்பிட்டு, சுண்டு விரலைப் பக்கவாட்டில் முழு வலுவோடு தள்ளுவதாக மனசில் மட்டும் நினைக்கச் சொன்னார்கள். விரல் ஒரு துளி அசையக்கூடாது. தினம் 15 நிமிஷம், வாரம் 5 நாள், 12 வாரம். சுண்டு விரலின் வலு 35 சதவீதம் கூடியது. முழங்கையை மடக்குவதாக நினைத்தவர்களுக்கு 13.5 சதவீதம். நிஜமாகவே விரலைத் தள்ளிப் பயிற்சி செய்தவர்களுக்கு 53. எதுவும் செய்யாதவர்களுக்கு மாற்றம் ஒன்றும் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, வலு கூடியதே தவிர சதை பருத்துவிடவில்லை. மூளையிலிருந்து தசைக்குக் கிளம்பும் கட்டளையின் மின்சாரம்தான் பலமாகியிருந்தது. நாம் பெரும்பாலும் ஒரு தசையை முழுக்கப் பயன்படுத்துவதில்லை. கட்டளை பலமாகப் போனால் இருக்கிற நார்களே கூடுதலாக வேலைக்கு வரும். இன்னொன்று, டிவியில் பார்ப்பதுபோல வெளியே நின்று தன்னைப் பார்ப்பது பலன் தராது என்று, உள்ளே இருந்து அந்தத் தள்ளலை உணரும்படிதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒஹையோ பல்கலைக்கழகத்தில் பிரையன் கிளார்க் 2014ல் வெளியிட்டது நம்ம ஊருக்கு இன்னும் நெருக்கம். நல்ல கைக்கே மணிக்கட்டில் நாலு வாரம் கட்டுப் போட்டுவிட்டார்கள். சும்மா இருந்தவர்களுக்கு வலு 45 சதவீதம் போச்சு. கட்டுக்குள்ளேயே கையை இறுக்குவதாக வாரம் 5 நாள் கற்பனை செய்தவர்களுக்குப் போனது 24 சதவீதம்தான். கை எலும்பு முறிந்து மெடிக்கல் லீவில் வீட்டில் உட்கார்ந்து ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கும் தம்பிகள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

இனி ஹிப்னாடிஸம். சினிமாவில் பெண்டுலம் ஆட்டும் சமாச்சாரம் என்று நானும் ஒதுக்கிவைக்கத்தான் இருந்தேன். ஆனால் உலகத்தில் இதை வைத்து மிகத் துணிச்சலான ஆபரேஷன்கள் நடந்த இடம் இந்தியா. 1845 ஏப்ரல் 4ஆம் தேதி, வங்காளத்தில் ஹூக்ளி. கம்பெனி சர்ஜன் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், விரைவீக்கத்துக்கு ஆபரேஷன் செய்யவேண்டிய ஒரு கைதியிடம் ஹிப்னாடிஸத்தின் முன்னோடியான மெஸ்மெரிஸத்தை முதல் முறையாக முயன்றார். அதுவரை யாரும் செய்து அவர் பார்த்தது கிடையாது, புத்தகத்தில் படித்ததோடு சரி. ஆள் கட்டைபோல ஆகிவிட்டான். அதற்குப் பிறகு யானைக்கால் நோயால் விரையில் வளர்ந்த பெரிய பெரிய கட்டிகளை இப்படியே வெட்டி எடுக்க ஆரம்பித்தார். மயக்க மருந்து என்ற ஒன்று வராத காலம் அது என்பதை மறக்கக்கூடாது. நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, அலற அலற வெட்டுவதுதான் அப்போதைய முறை.

எஸ்டெய்லுக்குப் பொறுமை இல்லை, வெயில் வேறு. மயக்கும் வேலையைத் தன் ஆஸ்பத்திரியின் உள்ளூர் உதவியாளர்களான இந்து, முஸ்லிம் இளைஞர்களிடம் விட்டுவிட்டார். இருட்டறை, நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து, உடம்பைத் தொடாமல் கையை மேலிருந்து கீழே ஓட்டுவது, மெல்ல ஊதுவது. மணிக்கணக்கில், சில சமயம் பல நாள். நம்ம ஊரில் பார்வை பார்த்து ஊதுகிறவர்களை நினைத்துக்கொள்கிறீர்கள்தானே? அங்கே அதற்கு ஜாட்-பூங்க் என்று பெயர், எஸ்டெய்லே அந்த ஒற்றுமையைப் பார்த்து எழுதியிருக்கிறார். 1846ல் வங்காள அரசு ஒரு கமிட்டி போட்டுச் சோதித்தது. சிலர் ஆபரேஷனின்போது நெளிந்தார்கள், முனகினார்கள், எழுந்ததும் வலியே இல்லை என்றார்கள். அந்த நவம்பரில் கல்கத்தாவில் மெஸ்மெரிக் ஆஸ்பத்திரி திறந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் பாஸ்டனில் ஈதர் மயக்க மருந்தை முதன்முதலாக ஊரறியக் காட்டியிருந்தார்கள். சில நிமிஷத்தில் யாரையும் மயக்கும் மருந்து இருக்கும்போது, மணிக்கணக்கில் ஊதினாலும் சிலரிடம் பலிக்காத முறைக்கு யார் காத்திருப்பார்கள்? கொஞ்ச காலத்தில் ஆஸ்பத்திரி மூடப்பட்டது.

கையிலிருந்து ஏதோ காந்தம் பாய்கிறது என்றுதான் எஸ்டெய்ல் நம்பினார். அது தப்பு என்று அவருக்கு முப்பது வருஷம் முன்னாலேயே பாரிஸில் சொன்னவர் ஒரு கோவாக்காரர், காண்டோலிமில் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா. மயக்குகிறவரிடம் ஒன்றும் இல்லை, எல்லாம் மயங்குகிறவர் மனசில் நடக்கிறது என்றார். பணாஜியில் அவர் சிலை இருக்கிறது. இப்போது பெல்ஜியத்தின் லியேஜ் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1992 முதல் தைராய்டு போன்ற ஆபரேஷன்களை லேசான மருந்தும் ஹிப்னாடிஸமும் சேர்த்துச் செய்கிறார்கள். மரப்பு ஊசி உண்டு, பக்கத்தில் மயக்க மருத்துவர் உண்டு. எஸ்டெய்லுடைய விஷயம் ஒழுங்குக்குள் வந்த வடிவம் இது.

சரி, வலியை விடுங்கள். தோல், சதை? மருவுக்குக் கோயிலில் உப்பு மிளகு போடுவது நம்மிடம் உண்டு. போட்ட பலருக்கு மரு உதிர்ந்தும் இருக்கிறது. மரு என்பது வைரஸ் வேலை, பெரும்பாலும் தானாகவே ஒருநாள் விழுந்துவிடும் என்பதால் பெயர் யாருக்குப் போகும் என்பதுதான் சிக்கல். 1959ல் லான்செட் இதழில் வந்த ஒரு ஆய்வு இதற்கு அழகான தந்திரம் செய்தது. இரண்டு பக்கமும் மரு உள்ள 14 பேர். ஹிப்னாடிஸத்தில் ஒரு பக்கம் மட்டும் போகும் என்று சொன்னார்கள். நன்றாக மயங்கிய பத்துப் பேரில் ஒன்பது பேருக்குச் சொன்ன பக்கம் மட்டும் போய்விட்டது. கேட்டாலே புல்லரிக்கிறது இல்லையா? 1973ல் இன்னொரு குழு இதையே செய்தபோது பாதிப் பேருக்கு மரு குறைந்தது, ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்தே குறைந்தது. எதிர்ப்புச் சக்தியை ஏதோ தூண்டியிருக்கலாம், ஆனால் இடம் வலம் பார்த்து அனுப்பும் அளவுக்கு இல்லை.

லண்டனுக்கு அருகில் மேசன் என்ற மருத்துவர், பிறவியிலேயே உடம்பெல்லாம் முதலைத் தோல்போல இருந்த 16 வயசுப் பையனுக்கு மரு என்று நினைத்து ஹிப்னாடிஸம் செய்ய, கை தெளிந்துவிட்டது. 1952ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் படத்தோடு வந்தது. ஆழ்மன வகுப்புக்காரர்கள் இந்தக் கதையை விட மாட்டார்கள். அதே மேசன் அதே நோய் உள்ள வேறு எட்டுப் பேரிடம் முயன்று எதுவும் நடக்கவில்லை என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். 1970களில் அமெரிக்காவில் ஹிப்னாடிஸத்தால் மார்பளவு கூடுகிறது என்று சில கட்டுரைகள் வந்தன. சொற்பப் பேர், ஒப்பிட வேறு குழு கிடையாது, எடை கூடியதா, மாதவிடாய் நாளா என்று சரியாகப் பார்க்கவில்லை. உயரம் கூடும், முடி வளரும் என்று நோட்டீஸ் அடிக்கிறவர்களின் வம்சாவளி அங்கேதான் போய் நிற்கிறது.

நான் படித்தவரை கோடு இப்படி ஓடுகிறது: நரம்பு போய்ச் சேரும் இடம் வரை கற்பனையும் போகிறது. வலி, தசைக்குப் போகும் கட்டளை, வியர்வை, குடல். 1957ல் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்கர், பாக்ச்சி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கருவிகளைச் சுமந்துகொண்டு இந்தியா முழுக்க யோகிகளைத் தேடி அலைந்தார்கள். இமயமலைக் குகையில் குளிரில் இருந்த ஒருவர், கடும் வெயிலில் இருப்பதாகக் கற்பனை செய்து செய்து, நினைத்த மாத்திரத்தில் நெற்றி வியர்க்கும் அளவுக்கு வந்திருந்தார். நடந்தது நிஜம், அளந்தும் பார்த்தார்கள். இதயத்தை நிறுத்துவோம் என்றவர்களையும் சோதித்தார்கள், மெட்ராஸில் யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் உட்பட. மூச்சை அடக்கி மார்பை இறுக்கியபோது நாடியும் ஸ்டெதாஸ்கோப்பில் ஒலியும் அமுங்கின. இசிஜி காகிதத்தில் இதயம் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

குடல் என்றேனே, மான்செஸ்டரில் வோர்வெல் 1984ல், எந்த மருந்துக்கும் அடங்காத குடல் எரிச்சல் நோய்க்காரர்கள் 30 பேரிடம் ஹிப்னாடிஸம் நன்றாக வேலை செய்வதைக் காட்டினார். ஒரு வருஷம் மருந்து கொடுத்தும் கேட்காதவர்களுக்கு இதையும் யோசிக்கலாம் என்று பிரிட்டனின் அரசு வழிகாட்டியே சொல்கிறது. ஷிப்ட் மாறி மாறிப் போய், பஸ் ஏறும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறவர்கள் நம்ம ஊரில் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் பஸ் ஸ்டாண்ட் நோட்டீஸுக்கு அலைய வேண்டாம். ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி நேரே போனால் பெங்களூருக்குள் அந்தச் சாலைக்கே ஓசூர் ரோடு என்றுதான் பெயர், அதன் மேலேயே நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. நரம்பும் மனசும் ஒரே கூரையின் கீழ். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்ற பழைய பேச்சால் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

கண்ணாடி முயல்கிறவர்களுக்குச் சில வார்த்தை. இருக்கிற கையில் மோதிரம், வாட்ச், கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். இரண்டு கையும் ஒன்றுபோலத் தெரியாவிட்டால் மூளை ஏமாறாது. பச்சை குத்தியிருந்தால் பவுடரோ துணியோ போட்டு மறைக்கலாம். முதலில் இரண்டு மூன்று நிமிஷம் சும்மா பிம்பத்தைப் பாருங்கள், அப்புறம் மெதுவாக அசையுங்கள், டிவி சத்தம் வேண்டாம். சிலருக்குத் தலை சுற்றும், வியர்க்கும், அழுகை வரும். வலி கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்லுங்கள். வெட்டுப்பட்ட நுனியிலேயே, தொட்டால் சுரீர் என்று வலிக்கிறது என்றால் அது வேறு கதை. அங்கே நரம்பு முடிச்சாகத் திரண்டிருக்கலாம், சர்ஜனிடம்தான் காட்ட வேண்டும். இரண்டு கையிலும் விரல் போனவர்களுக்குக் கண்ணாடி உதவாது. அவர்களுக்காகத் திரையில் கையை உருவாக்கிக் காட்டும் முறைகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். டாக்டரிடம் போகும்போது "இல்லாத விரல் வலிக்கிறது" என்று அப்படியே சொல்லுங்கள். அவர்கள் படித்த புத்தகத்தில் அது இருக்கிறது.